விடியற்காலைத் தண்ணீர்

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ராத்திரி அலைகள் நீலமாக மின்னியது பலருக்கு நினைவிருக்கும். அன்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் படமெடுத்தது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரியை. அடுத்த மாதமே அது மன்னார் வளைகுடாவிலும் பெருகியது. மண்டபத்தை அடுத்த சிங்கிள் தீவு, குருசடைத் தீவுப் பக்கம் கடல் பச்சைப் படலம் கட்டிக் கிடந்தது. மீன்கள் செத்து ஒதுங்கின. பவளங்களும் செத்தன. அதைப் படமெடுக்கக் கூட்டம் வரவில்லை.

நான் இந்தக் கடலில் பவளப்பாறைகளை ஆய்வு செய்கிறவள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்கள்தான் என் வேலையிடம். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. தீவுகள் என்னவோ 21 என்றுதான் இன்னும் எழுதுகிறோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன.

வேலையில் மூன்று பங்கு உண்டு. பவளத்தை அளப்பது, மீனை எண்ணுவது, தண்ணீரைச் சோதிப்பது. முதல் பங்கைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். பாறை மேல் 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் அடியில் வருவது உயிருள்ள பவளமா, செத்த பவளமா, பாசியா, மணலா என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிப்போம். இப்படி எடுத்த கணக்கில்தான், 2016 கோடையின் கடல் வெப்பத்துக்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடு அளவுக்கு இறங்கியது தெரிந்தது. அதற்கு முன்பு பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் அள்ளிய காலம் ஒன்று இருந்தது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்களைச் சேர்த்தார்கள்; கல் வெட்டுவது மெல்ல நின்றது.

மீன் எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். நாம் இறங்கியதும் எல்லாம் ஓடிவிடும். அசையாமல் கொஞ்ச நேரம் மிதந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பும்: முதலில் சிறுசுகள், பிறகு ஓரா, நகரை, கடைசியில் பொந்து வாயில் தலை காட்டும் கலவாய். கிளிமீன் பாறையைச் சுரண்டும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகவே கேட்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். பாறையில் பாசி மண்டாமல் வைத்திருப்பது அந்த வாய்தான். பாசி மண்டினால் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் இருக்காது. நீளத்தைக் கண்ணளவில்தான் குறிக்க வேண்டும். முகமூடிக் கண்ணாடி வழியே எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் குச்சிகளைக் காட்டிப் பழக்குகிறோம். கரையில் உட்கார்ந்து தாங்கள் பிடித்த மீனின் நீளத்தைச் சொல்கிறவர்களுக்கும் இப்படி ஒரு பயிற்சி வைக்கலாம்.

மூன்றாவது பங்குதான் தண்ணீர். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் முக்கியம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கப் பழைய முறை ஒன்று உண்டு. கண்ணாடிப் போத்தலில் குமிழி புகாமல் நீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால் உள்ளே வண்டல் திரளும். வண்டல் பழுப்பானால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. மீதியை ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக அளந்துகொள்ளலாம். ஆனால் படகில் வைத்தே நிறத்தைப் பார்த்துச் சேதி தெரிந்துவிடும். எங்கள் கடலில் வெயில் நேரத்தில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவில் இருப்பது வழக்கம்.

வெயில் நேரத்தில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் நாக்டிலூகா. அது எளிதில் விளங்காத பிராணி. ஊறிய ஜவ்வரிசியை நுணுக்கியது போல, வெறும் கண்ணுக்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்குப் பச்சையம் கிடையாது. அகப்பட்டதைத் தின்று வாழும். எங்கள் பக்கம் வந்த பச்சை வகைக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் அவை வெயிலில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியே விடும். பொழுது சாய்ந்தால் அந்த வேலை நின்றுவிடும், மூச்சு மட்டும் நிற்காது. செத்துப்போன செல்களை அழுகவைக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி முழுக்க ஆக்சிஜன் செலவாகி, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு வரும். அதாவது பகல் பத்து மணிக்குப் போத்தலில் பிடித்த நீர் நல்ல சேதி சொல்லக்கூடிய நாளில்கூட, அதே இடத்தில் ஐந்து மணி நேரம் முன்பு மீனுக்கு மூச்சுத் திணறியிருக்கும்.

அரசு வேலை நேரம் பத்து மணிக்குத் தொடங்குகிறது. ஆய்வு வேலையும் பெரும்பாலும் அப்படித்தான். அனுமதிக் கடிதம், படகு, காற்று நிரப்பிய உருளை எல்லாம் சேரும்போது சூரியன் நன்றாக ஏறியிருக்கும்.

எங்களைப் படகில் கூட்டிப்போகும் அண்ணன் கூடு போட்டு மீன் பிடிக்கிறவர். அவர் இதைத் தன் வழியில் அறிந்து வைத்திருந்தார். "தங்கச்சி, வலையில மாட்டுன மீனு சாகும், அது சகஜம். கூட்டுல கெடக்கிற மீனு சாகப்படாதுல்லா? தண்ணி பச்சையா கோழை மாதிரி இருந்தா, விடியக்காலம் தூக்குற கூட்டுல கலவாயும் விளையும் செத்துக் கெடக்கும். பகல்ல போட்டுப் பகல்ல எடுத்தா துள்ளும்" என்றார். எந்தக் கருவியும் இல்லாமல் சொன்னது. ஆக்சிஜன் என்ற சொல்லை மட்டும் சேர்த்தால் இது அப்படியே ஆய்வுக் குறிப்பு.

2019 நிகழ்வை ஆராய்ந்த தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதிகம் செத்தவை கிளைவிட்டும் தகடாகவும் வேகமாக வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா இனங்கள். உருண்டைப் பாறையாக மெதுவாக வளரும் பவளங்களின் சதை தடித்தது. மெல்லிய சதைக்காரர்களை விட அவை பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். சூடை, பாரை போன்ற ஓடும் மீன்கள் கெட்ட தண்ணீரை விட்டு விலகிவிடலாம். பொந்தில் வாழும் மீன் ஆபத்து வந்தால் வெளியே ஓடாமல் உள்ளேதான் போகும். பவளத்துக்கு அந்த வசதிகூடக் கிடையாது.

வெப்பத்தில் வெளுத்த பவளமும் மூச்சடைத்துச் செத்த பவளமும் புகைப்படத்தில் ஒன்று போலவே வெள்ளையாகத் தெரியும். வெளுத்தது இன்னும் சாகவில்லை. தனக்கு உணவூட்டும் உள்பாசியை வெளியேற்றிவிட்டு வெறும் கண்ணாடிச் சதையோடு இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் நுண்கரங்கள் தெரியும். சில வாரங்களில் கடல் குளிர்ந்தால் பாசி திரும்பவும் சேரும், பவளம் பிழைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் செத்ததில் சதையே கழன்றுபோய் எலும்பு மட்டும் இருக்கும். அதன் மேல் சீக்கிரமே புல் போல் பாசி ஏறிவிடும். அப்புறம் அதைப் பார்ப்பவருக்கு எதனால் செத்தது என்றே தெரியாது. நாடா பிடித்து அளந்தால் "செத்த பவளம், பாசி படிந்தது" என்று ஒரு வரி விழும், அவ்வளவுதான். காரணம் தண்ணீரில் இருந்தது. அந்தத் தண்ணீர் எப்போதோ போய்விட்டது.

இது முதல் தடவையும் அல்ல. 2008 அக்டோபரிலும் இதே உயிரி இதே வளைகுடாவில் பெருகி மீன்களைக் கொன்றிருக்கிறது. வந்த பிறகு அதை அள்ளி எடுக்க வழியில்லை. கரையிலிருந்து வரும் கழிவுநீரும் உரச்சத்தும் குறைந்தால் நுண்பாசிகளுக்கும், அவற்றைத் தின்று பெருகும் இதற்கும் தீனி குறையும். அது ஊராட்சியும் நகராட்சியும் செய்ய வேண்டிய வேலை, முக்குளிக்கிறவர்களுடையது அல்ல. எங்களால் முடிந்தது நேரத்தோடு அளப்பது. மணிக்கொரு முறை தானே பதிந்துகொள்ளும் கருவிகள் இருக்கின்றன. பாறையோரம் கட்டிவிட்டு, கொட்டலசு ஏறாமல் அவ்வப்போது போய்ச் சுரண்டி வர வேண்டும். கருவி இல்லாத இடத்தில் விடியலுக்கு முன் படகு போக வேண்டும்.

சென்ற முறை திட்ட மதிப்பீட்டில் "இரவுப் படகு வாடகை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பகல் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாமே என்று குறிப்பெழுதி அதை அடித்துவிட்டார்கள். இந்த முறையும் எழுதியிருக்கிறேன். கூடவே கூட்டு மீன் கணக்கையும் தேதிவாரியாக இணைத்திருக்கிறேன். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதியது.