பல்லுயிர்க் குழுவில் நமக்கு எத்தனை நாற்காலி?

மதுரை மாவட்டத்தில் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி மற்றும் மீனாட்சிபுரம் கிராமங்களின் 193 எக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அந்த இடத்தையும் உள்ளடக்கி 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. சாதி பார்க்காமல் ஊர்கள் திரண்டன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மலை தப்பியது. இனி அதைக் காக்கும் பொறுப்பில் யார் உட்காருவது?

2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். ஊரின் செடி, கொடி, உயிரினம், அவை பற்றிய அறிவு அனைத்தையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. மூலிகையை வணிகத்துக்கு எடுப்பவரிடம் கட்டணம் வாங்கும் அதிகாரமும் அதற்கு உண்டு.

தலைவர் தவிர ஆறு பேர் வரை இருந்த இக்குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றன 2004 விதிகள். ஆறில் ஒருவர் என்றால் 16.67 சதவீதம்தான். கணக்குப்படி இருவர் வேண்டியிருந்தது. ஒருவரை உட்கார வைத்துவிட்டு 'இடம் கொடுத்துவிட்டோம்' என்பது செல்லாது. 2023 திருத்தம் உறுப்பினர் எண்ணிக்கையை 7 முதல் 11 வரை என்றாக்கி, குழுவின் அமைப்பை மாநில அரசின் கையில் விட்டது. மாநில விதியில் நம் பங்கு குறையாமல் இருக்கக் குரல் கொடுக்க வேண்டியது நாம்தான்.

நாற்காலிக்கு ஏன் இத்தனை வாதம்? பல ஊர்களில் கண்மாய் மடையைத் திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் தலித் மக்கள். எந்த மடை எப்போது அடைக்க வேண்டும், எந்த வேர் எந்த நோய்க்கு என்பது அவர்களுக்குத் தெரியும். குழுவில் நாம் இல்லையென்றால் அந்த அறிவு பதிவேட்டில் ஏறாது. ஏறினாலும் நம் பெயரில் இருக்காது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தடை வந்தால் முதலில் அடி விழுவதும் நிலமில்லாத வீட்டில்தான்.

இதே மேலூர் வட்டத்து மேலவளவில்தான், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் பதவியில் அமர்ந்ததற்காக முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பொறுப்பு தாளில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்வி கேட்போம். நம் ஊரில் குழு இருக்கிறதா? அதில் நம்மவர் எத்தனை பேர்? பதிவேட்டைக் காட்டுவீர்களா? படிக்கும் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாகப் பாட்டிமாரிடம் உட்கார்ந்து, அவர்கள் அறிந்ததை அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.