மாதம் 1,700 ரிங்கிட்: மணிக்கு எவ்வளவு வரணும்?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், துணிக்கடையிலோ உணவகத்திலோ மணிக்கணக்கில் வேலை செய்றீங்களா? அப்போ இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

2025 பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கு ஆகஸ்ட் 1 முதல். மணிக்கு என்றால் 8.72 ரிங்கிட். அது எப்படி வந்தது?

மாதத்துக்கு நான்கு வாரம்னு 4-ஆல் வகுக்காதீங்க. நான்கு வாரம் 28 நாள்தான். ஆண்டுக்கு 12 மாதம், 52 வாரம். எனவே 1,700-ஐ 12/52-ஆல் பெருக்கணும்: வாரத்துக்கு 392.31 ரிங்கிட். சட்டப்படி வார வேலை நேரம் அதிகபட்சம் 45 மணி. 45-ஆல் வகுத்தால் 8.72, அவ்ளோதான்.

நாள் சம்பளம்? வாரம் 6 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 52 × 6 = 312 நாள். 12/312 என்பது 1/26. அதனால்தான் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்கிறார்கள்: 65.38 ரிங்கிட். 30-ஆல் வகுத்தால் ஓய்வு நாளும் கணக்கில் சேர்ந்து, 56.67 ஆகிவிடும். நாளுக்கு 8.71 ரிங்கிட் குறைவு. ஏறக்குறைய ஒரு மணி நேரச் சம்பளம்!

அடுத்த முறை சம்பளச் சீட்டு வந்ததும், எந்த எண்ணால் வகுத்திருக்காங்கன்னு முதலில் பாருங்க.