கந்தகத்தை மீட்கும் நுண்ணுயிர்கள்

றப்பர்ப் பாலைச் செறிவாக்கும் ஆலைகளின் அருகே வாழ்வோருக்கு அழுகிய முட்டையின் நாற்றம் புதிதன்று. பொறியிற் சுழற்றிச் செறிந்த பாலைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மெல்லிய பாலைத் திரளச் செய்யக் கந்தக அமிலம் விடுகிறார்கள். அவ்வமிலம் சல்பேற்றாகிக் கழிவுநீரோடு குழியை அடைகிறது. காற்றுப்படாத அக்குழியின் அடியில் வாழும் ஒருவகைப் பற்றீரியா, நாம் ஒட்சிசனைக் கொண்டு சுவாசிப்பதுபோலச் சல்பேற்றைக் கொண்டு சுவாசித்து, ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவை வெளிவிடுகிறது.

நாற்றத்தோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். இவ்வாயு செறிவு மிகும்போது மூக்கின் உணர்ச்சியையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென்று நம்பிக் குழியில் இறங்குபவன் மயங்கி வீழ்வான். அவனைத் தூக்கச் செல்பவனும் வீழ்வான். பல நாடுகளில் தொழிலாளர் இவ்வாறே இருவர் மூவராய் மாண்டிருக்கின்றனர்.

இப்பற்றீரியாவை 1895 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர், ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்துப் பெய்யெரிங்க் என்னும் அறிஞர். அதற்கு முன்னரே, 1887 இல், இரசிய அறிஞர் விநோகிராட்ஸ்கி இதற்கு எதிரிடையான வேறொரு வகையை ஆராய்ந்திருந்தார். அவ்வகை, ஒட்சிசனின் துணையால் இவ்வாயுவைக் கந்தகத் துணிக்கைகளாக மாற்றவல்லது. ஒன்று நஞ்சை ஆக்க, மற்றொன்று அதனைத் தீர்க்கிறது. இரண்டையும் ஓரிடத்தில் வேலைக்கு அமர்த்தினால் என்ன?

ஒல்லாந்தின் பூடல் என்னும் ஊரில் 1992 இல் அவ்வாறே செய்தனர். 1892 தொடங்கி அங்கு இயங்கிவந்த நாக உலோக ஆலையால் நிலத்தடி நீரில் நாகமும் சல்பேற்றும் ஊறியிருந்தன. அந்நீரை இறைத்துக் காற்றுப்புகாத தாங்கியில் விட்டு, முதல்வகைப் பற்றீரியாவுக்கு இரையாக மதுசாரம் ஊட்டினர். பிறந்த சல்பைட்டு, நீரிலிருந்த நாகத்தோடு கூடித் திண்மமாய்ப் படிந்தது. அத்திண்மம் ஆலையின் உலைக்கே திரும்பிற்று. எஞ்சிய சல்பைட்டை இரண்டாந் தாங்கியில் மறுவகைப் பற்றீரியா கந்தகமாக்கிற்று.

இத்தொழிலின் நுட்பம் முழுவதும் இரண்டாந் தாங்கிக்குக் காற்றை அளந்து விடுவதிலேதான் இருக்கிறது. காற்றுக் குறைந்தால் நஞ்சு அப்படியே எஞ்சும். மிகுந்தாலோ, பற்றீரியா கந்தகத்தோடு நில்லாது அதனை மீண்டும் சல்பேற்றாக்கிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

மதுசாரத்துக்குப் பணம் வேண்டுமே என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், றப்பர்க் கழிவில் புரதமும் வெல்லமும் இயல்பாகவே உள்ளமையால் அங்கே முதல்வகைப் பற்றீரியாவுக்குத் தனியாக உணவிட வேண்டியதில்லை. குழியை இறுக மூடுவதற்கும், பிறக்கும் வாயுவை வெளியே விடாது இரண்டாந் தாங்கிக்குக் கொண்டுசெல்வதற்குமே செலவு செய்யவேண்டும்.