சின்னமும் கேள்வியும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட பூமி வானம் பார்த்த பூமி. நான் பிறந்த மண். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் ஒரு சின்னம். எழுத்தறியாத என் பாட்டி இரட்டைக்காளைப் பெட்டியைத் தேடிச் சீட்டை இட்டாராம். உழுகிற வீட்டுக்குக் காளையை அறிமுகம் செய்யவும் வேண்டுமோ? ஆயினும் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்றவர் பார்வர்டு பிளாக் கட்சியின் முத்துராமலிங்கத் தேவர்.

கண்மாயைச் செப்பனிடுவேன் என்று தனிமனிதர் ஒருவர் வாக்களித்து மறைந்துவிட்டால், பிறகு யாரைக் கேட்பது? கட்சி வாக்களித்தால், அதே சின்னம் ஐந்தாண்டு கழித்தும் நம் வாசலுக்கு வந்தாக வேண்டும், அப்போது கேட்கலாம். கேள்விக்கு வலுவூட்டுவது மாற்றுக் கட்சி. 1967இல், அண்டையிலுள்ள விருதுநகரில், ஒன்பதாண்டுகள் முதலமைச்சராயிருந்த காமராசரே 1,285 வாக்குகளில் தோற்றார்; மாநில ஆட்சியும் தி.மு.கழகத்திடம் அமைதியாகக் கைமாறியது. 1972இல் பிறந்த அண்ணா தி.மு.கழகத்தின் எம்.ஜி.ஆர்., 1977இல் அருப்புக்கோட்டையில் வென்று முதலமைச்சரானார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1985ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியிழக்க நேரிடும். எங்கள் கண்மாய்க்காகக் கட்சியை எதிர்த்து வாக்களிக்க எங்கள் உறுப்பினர் துணிவாரா என்பது எனக்குத் தீராத ஐயம்.