காசு உங்களுடையது... கார் அவர்களுடையது!

2024 மார்ச் 31. அன்றைக்கு உலகம் பூராவும் ஏகப்பட்ட கார்கள் ஒரே நாளில் காணாமல் போயின. யாரும் போலீஸுக்குப் போகவில்லை. போயிருந்தாலும், 'யார் மேலய்யா சந்தேகம்?' என்று ஏட்டு கேட்டால், 'வித்த கடைக்காரர் மேலதான் ஸார்' என்று தலையைச் சொறிந்திருக்க வேண்டும்!

எல்லாமே கம்ப்யூட்டருக்குள் ஓடும் கார்கள். 'தி க்ரூ' என்று ஒரு ரேஸ் கேம். பிரான்ஸின் யூபிசாஃப்ட் கம்பெனி 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவையே சுருக்கி உள்ளே வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போகலாம். முழு விலை கொடுத்து, டிஸ்க்காகவே வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் உண்டு. ஒரே ஒரு சங்கதி... நீங்கள் தன்னந்தனியாக ஓட்டினாலும், இன்டர்நெட் வழியே கம்பெனியின் சர்வர் 'சரி' என்று தலையாட்டினால்தான் வண்டி நகரும்.

ஒன்பது வருஷம் தலையாட்டிய சர்வரை நிறுத்தினார்கள். முடிந்தது கதை. டிஸ்க் இருக்கிறது, டப்பா இருக்கிறது, பில்கூட இருக்கிறது. கேம் இல்லை. போதாக்குறைக்கு, அடுத்த மாசமே பலருடைய கணக்கிலிருந்து அதன் உரிமத்தையும் உருவிவிட்டார்கள்!

நாமெல்லாம் டிவியில் கேஸட் சொருகி மரியோ ஆடிய பரம்பரை. படம் வரவில்லையென்றால் கேஸட்டை உருவி 'ஃபூ' என்று ஊதுவோம். அதோடு சர்வீஸ் முடிந்தது. விற்றவருக்கும் நமக்கும் அப்புறம் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பி.காம். படித்தவர்களுக்கு 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். விலை இந்தப் பக்கம் வந்தால், பொருளின் உரிமை அந்தப் பக்கம் போகணும். அதுதான் விற்பனை. இன்றைய கேம் கம்பெனிகள் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு உரிமையைத் தங்கள் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்கின்றன. 'நாங்க வித்தது பொருள் இல்லீங்க, அனுமதி' என்கிறார்கள். சினிமா டிக்கெட் மாதிரி. ஆனால், டிக்கெட்டில் ஷோ எத்தனை மணிக்கு முடியும் என்று போடவில்லையே!

கம்பெனி பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. சர்வருக்கு கரன்ட் பில் உண்டு, ஆள் சம்பளம் உண்டு. 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாசச் சந்தா வாங்கியது, ஒளிவுமறைவு இல்லை. கட்டினால் ஆட்டம், நிறுத்தினால் டாட்டா. ஆனால், ஒரு தடவை விற்றுக் கிடைக்கும் லாபத்தைவிட, தினம் தினம் சில்லறையாகக் கறக்கும் லாபம் பெரிசு என்று கண்டுபிடித்த பிறகுதான் வந்தது வினை. 2006-ல் 'ஒப்ளிவியன்' கேமில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலர் என்று விற்றபோது ஊரே சிரித்தது. இன்றைக்கு? 'ஃபோர்ட்நைட்' ஓசிதான். உள்ளே போடும் சட்டைக்குத்தான் காசு. அங்கே பல வருஷம் 'பேட்டில் பாஸ்' விலை 950 வி-பக்ஸ். அப்போது வி-பக்ஸ் வாங்கப் போனால் சின்னக் கட்டே 1000-ஆக இருந்தது! மீதி 50-ஐ வைத்துக்கொண்டு நீங்கள் அடுத்த கட்டுக்கு அலைந்தீர்கள். மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவாரே அண்ணாச்சி... அவர் தங்கம்!

நம்ம ஊர்ப் பையன்களுக்கு இது புதுசில்லை. 2020 செப்டம்பரில் 'பப்ஜி மொபைல்' தடையாகி, அக்டோபர் 30-ம் தேதி இந்தியாவுக்கான சர்வர் நின்றது. தடை போட்டது அரசாங்கம், அது வேறு கணக்கு. ஆனால், காசு போட்டு வாங்கிய துப்பாக்கிப் பெயின்ட்டெல்லாம் எங்கே இருந்தது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. 2021-ல் 'பிஜிஎம்ஐ' வந்தபோது பழைய சாமான்களை மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள். பெரிய மனசு!

'தி க்ரூ' விஷயத்தில் ஆடினவர்கள் சும்மா இருக்கவில்லை. ராஸ் ஸ்காட் என்கிற யூட்யூப்காரர் 2024-ல் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று இயக்கம் ஆரம்பித்தார். காலம் பூராவும் சர்வரை ஓட்டு என்று அவர் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கினவன் தானாக ஆடிக்கொள்கிற மாதிரி விட்டுவிட்டுப் போ என்கிறார், அவ்வளவுதான். ஐரோப்பிய யூனியனிடம் கொடுக்கும் மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம்: வெறும் உரிமத்தைக் கொடுக்கிற கடை, 'வாங்குங்கள்' என்று பட்டன் வைத்தால், இது சொந்தமில்லை, உரிமம்தான் என்பதையும் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும். யூபிசாஃப்ட்டே இறங்கி வந்து, 'தி க்ரூ'வின் அடுத்த இரண்டு பாகங்களுக்கும் இன்டர்நெட் இல்லாமல் ஆட வழி செய்வதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது.

முதல் பாகம்? அதற்கு கம்பெனி ஒன்றும் செய்யவில்லை. ரசிகர்கள் சிலர் சேர்ந்து, கம்பெனி சர்வர் எப்படியெல்லாம் தலையாட்டியது என்று தோண்டித் துருவிப் பார்த்து, தாங்களே ஒரு சர்வர் எழுதிவிட்டார்கள். 2025 செப்டம்பரிலிருந்து நியூயார்க் டு லாஸ் ஏஞ்சலஸ் ரோட்டில் மறுபடி வண்டி ஓடுகிறது.