மாதவிடாய் நிற்கும் வயதில் ஏன் இந்தச் சூடு?

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். திடீரென்று மார்பிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். சில நிமிடங்களில் ரவிக்கை நனைந்துவிடும், பிறகு குளிரெடுக்கும்.

உடல் வெப்பத்தைக் காப்பது மூளையின் ஹைபோதலாமஸ். அங்குள்ள சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அடக்கி வைத்திருந்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் அது குறைந்ததும் அவை அளவுக்கு மீறித் துடிக்கின்றன. உடல் சூடு இம்மி ஏறினாலே, தணிக்க வேண்டும் என்று தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது.

ஆயுர்வேதத்தில் மாதவிடாய் நிற்பதற்கு ரஜோநிவிருத்தி என்று பெயர். சுஸ்ருத சம்ஹிதை இதற்கு 50 வயது என்கிறது. சூட்டைப் பித்தமாகக் கொண்டு, தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியைப் பாலில் கலந்து தருவார்கள். அதிலுள்ள சப்போனின்கள் ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடாகும் என்பதற்கு இன்னும் வலுவான சான்று இல்லை. இரவில் காரத்தையும் சுடச்சுடக் காபியையும் தவிர்ப்பது பலருக்கு உதவுகிறது. இந்தச் சூட்டுக்குச் சிலர் எடுக்கும் அமுக்கரா மூலிகையில் மட்டும் கவனம் தேவை: அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், தைராய்டு மாத்திரையோடும் ஒத்துப்போகாது.

தாங்க முடியாத சூட்டுக்கு அதிகம் பலிப்பது ஹார்மோன் சிகிச்சைதான். தகுதி உண்டா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஓராண்டு நின்றபின் மறுபடி இரத்தம் பட்டால், கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் அன்றே அவரிடம் போய்விடுங்கள்.