டயப்பர் கணக்கு: துணியா, தூக்கிப் போடுவதா?

2018 கடைசியில் எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்தபோது நான் செய்த முதல் வேலை ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டது. மென்பொருள்காரனுக்கு வேறென்ன தெரியும்! மூத்தவளுக்கு முழுக்க முழுக்கக் கடை டயப்பர்தான். இவனுக்காவது துணி கட்டலாம் என்று எனக்கு ஆசை.

கணக்கு எளிது. ஒரு நாளைக்கு 5 என்றால் மாதத்துக்கு 150, முப்பது மாதத்துக்கு 4,500. ஒருநாள் நனைந்த டயப்பர் ஒன்றை இரண்டு கவரில் சுற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன் (மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள்). 190 கிராம். பெருக்கிப் பார்த்தால் 855 கிலோ. ஒரு சின்னக் காரின் எடைக்கு ஒரே குழந்தை குப்பை போடுகிறது.

மனைவியிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, துவைக்கிறது யாருன்னு இதுல எங்க போட்டிருக்கீங்க?" என்றாள்.

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவை இந்தக் குறிப்புகள்.

டயப்பருக்குள் என்ன இருக்கிறது?

புது டயப்பர் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். உடம்பில் படும் மேல் படலம் பாலிப்ரொப்பிலீன். வெளிப்பக்கம் பாலிஎத்திலீன். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு. அந்தப் பஞ்சை உதறினால் சர்க்கரை மாதிரி சின்னச் சின்ன மணிகள் கொட்டும். அதுதான் சோடியம் பாலிஅக்ரிலேட். பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருள்.

இந்த மணிகளைக் கொஞ்சம் டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் நிமிஷத்தில் ஜெல்லியாகிவிடும். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். அந்த ஜெல்லியில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கினால் உறிஞ்சிய தண்ணீரை அதுவே கக்கிவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம். என் மகளுக்குச் செய்து காட்டினேன், மேஜிக் என்றாள். (குழந்தை வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

"மூங்கில் டயப்பர்" என்று வருகிறதே, அது பரவாயில்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். மேல் படலம் மூங்கில் நாராக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இதே மணிகள்தான். அது லேசில் மக்காது. மக்கக்கூடிய பகுதியும் காற்றுப் போகாத குப்பை மலைக்குள் புதைந்தால் மீத்தேனாகத்தான் மாறும்.

பிரிட்டனில் போட்ட கணக்கு

துணிதான் நல்லது என்று இதோடு முடித்துவிடலாமா? முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது, 2008-இல் அதைப் புதுப்பித்தது. பருத்தி விளைவதிலிருந்து குப்பைக்குப் போவதுவரை எல்லாவற்றையும் சேர்த்த வாழ்நாள் கணக்கு அது. இரண்டரை வருடத்துக்குக் கடை டயப்பர் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். துணி? சுமார் 570 கிலோ!

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் விஷயம் அடுத்த பக்கங்களில் இருக்கிறது. அதே துணியை எல்லா நாளும் எந்திரத்தில் சூடாக்கி உலர்த்தினால் 43 சதவீதம் கூடுகிறது. 60 டிகிரிக்குப் பதில் 90 டிகிரியில் துவைத்தால் 31 சதவீதம் கூடுகிறது. மாறாக, எந்திரம் நிறையச் சேர்த்துத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் கட்டினால் 40 சதவீதம் குறைகிறது.

ஆக, துணியின் பெரும்பாரம் சூட்டில் இருக்கிறது. இங்கேதான் நமக்கு அதிர்ஷ்டம். 15 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 0.87 யூனிட் மின்சாரம் வேண்டும். சென்னைக் குழாயில் 30 டிகிரியில் வருவதை ஏற்ற 0.52 யூனிட் போதும். தினமும் சாதாரணத் தண்ணீரில் துவைத்து, வாரம் ஒருமுறை மட்டும் வெந்நீரில் ஊறவைத்தால் அதுவும் மிச்சம். காயவைக்க மொட்டைமாடி இருக்கிறது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும்.

2019 கோடை

ஸ்ப்ரெட்ஷீட் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் தண்ணீர் நின்றது. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. எங்கள் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர்தான், அதுவும் முறை வைத்து. துணி அலச எங்களுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் போனது. கீழ் வீட்டில் குடத்தை எண்ணிப் பிடிக்கும்போது நான் மாடியில் கோவணத்துணி அலசிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம் கடை டயப்பருக்கு மாறினோம். கார்பன் கணக்கு சரியாக இருந்தாலும் தண்ணீர்க் கணக்கு இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும் என்று அன்று புரிந்தது.

அந்த இரண்டு மாதத்தில்தான் இன்னொன்றும் புரிந்தது. எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்கா, வண்டியில் வெறும் கையால் பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் வந்தது ஒரு டயப்பர். என்னைப் பார்த்து, "பேப்பர்ல சுத்திக் குடுங்க சார், பிரிக்கிறது நாங்கதானே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அது எங்கள் வீட்டுடையதா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம்.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இது இருந்தது: டயப்பரைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர் தர வேண்டும். புனே, பெங்களூருவில் சுற்றிய பொட்டலத்தின்மேல் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பிரித்துப் பார்க்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, நாளிதழில் சுற்றி, ஒரு புள்ளி. அரை நிமிஷ வேலை.

துவைப்பது யார்?

முதல் மூன்று மாதம் துவைத்தது என் அம்மா. நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். ஒருநாள் குளியலறையில் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் இல்லப்பா, புடிச்சிக்கிச்சு" என்றார். அன்றிலிருந்து காலை ஆறு மணித் துவையல் என்னுடையது. தினமும் 25 நிமிஷம். 900 நாளுக்கு 375 மணி நேரம். நான் படித்த ஆய்வில் இந்த வரி இல்லை. என் ஸ்ப்ரெட்ஷீட்டிலும் இல்லாமல்தான் இருந்தது. வீட்டு ஆண் "இயற்கைக்கு மாறுவோம்" என்று முடிவெடுத்து, வீட்டுப் பெண்கள் முதுகொடியத் துவைத்தால் அது யாரோ கொடுக்கும் விலை.

கடைசியில் எங்கள் வீட்டில் நிலைத்தது இதுதான்:

1. பகலில் துணி, ராத்திரிக்கும் பயணத்துக்கும் கடை டயப்பர். ஒரு நாளைக்கு ஐந்து இரண்டானது.
2. புதுத் துணி வாங்கவில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளும் அக்கா வீட்டுக் குழந்தையின் துணிகளும் போதுமாக இருந்தன.
3. துணியை மென்மையாக்கும் திரவம் போடுவதில்லை. அது உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.
4. தோல் சிவந்தால் கொள்கையெல்லாம் அப்புறம். குழந்தைக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அது.

ஐந்தாவதை அம்மா சொல்லிக்கொடுத்தார். பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, நீட்டிய இரண்டு பாதங்களுக்கு நடுவில் குழந்தையை உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுப்பது. நம் பாட்டிகள் எல்லோரும் செய்தது. பத்தில் நாலு தடவை வேலை செய்தது. மூத்தவளைவிட இவன் எட்டு மாதம் முன்பே டயப்பரை விட்டான். நாளைக்கு இரண்டு வீதம் அதுவே 480 டயப்பர். மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

அந்த ஸ்ப்ரெட்ஷீட் இன்னும் இருக்கிறது. "துவைப்பது யார்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கணக்குப் போடுவதாக இருந்தால் அந்த வரியிலிருந்து ஆரம்பியுங்கள்.